போகும், போதும்

“இப்பல்லாம் யாருக்கும் வாயத் தெறந்து பேசவே தெரியல. எல்லாரும் சொல்ற சொல்ல வாய்க்குள்ளயே மென்னு முழுங்கிடறாங்க.”

இது ஸ்டெனோவின் நிரந்தரப் புகார். மூன்று வருஷமாக இதேதான். காலையில் காபி ஆறுவதற்குள் ஒரு தடவை, மத்தியானம் டிவி செய்திக்கு ஒரு தடவை, சாயங்காலம் மகன் போன் பண்ணினால் கணக்கே கிடையாது. செய்தி வாசிக்கிற பெண் மெல்கிறாள். பாங்க் கவுன்டரில் இருப்பவர் மெல்கிறார். மருமகள் மெல்லக்கூட மாட்டாள், நேரே முழுங்குகிறாள். உலகத்தில் ஒழுங்காகப் பேசுகிற ஆள் என்று ஸ்டெனோ ஒப்புக்கொண்டது ஒரே ஒருத்தியை. எதிர் வீட்டு நர்ஸ்.

ஸ்டெனோ சொன்னால் மறுபேச்சு கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவள். வக்கீல்கள் ஆளுக்கொரு பக்கம் கத்த, சாட்சி ஒரு பக்கம் விம்ம, அத்தனையும் அவள் நோட்டில் கோடும் சுழியுமாக விழுந்துகொண்டே இருக்கும். நீதிபதி, “சாட்சி என்ன சொன்னார், படிங்கம்மா” என்றால் எழுந்து நின்று, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் படிப்பாள். “ஐயா சத்தியமா நான் எடுக்கல. அழுகை. என் பொண்ணு மேல ஆணையா நான் எடுக்கல. இருமல். எடுத்தது அவன்தான்.” அழுத இடத்தில் ‘அழுகை’ என்பாள். இருமிய இடத்தில் ‘இருமல்’ என்பாள். திருடன்கூட அதைக் கேட்டுவிட்டுத் தான் சொன்னது இவ்வளவு தெளிவாகவா இருந்தது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறான்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கைப்பையில் எப்போதும் ஒரு நோட்டு. யார் என்ன சொன்னாலும் குறிப்பு. ஒரு தடவை மூத்த நாத்தனார் வாய் தவறி, “நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்று கேட்டுவிட்டாள். ஸ்டெனோ உள்ளே போய் எட்டு வருஷத்துக்கு முந்தைய நோட்டோடு திரும்பி வந்து, தேதி, கிழமை, எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள் என்பது வரை படித்தாள். நாத்தனார் அன்றைக்கு மூடிய வாய்தான். அதிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் சொல்வதற்கு முன்னால், “எழுதிக்காத, சும்மா சொல்றேன்” என்று ஒரு முன்னுரை போட்டுக்கொள்வார்கள். அவள் புருஷன் மருந்துக்கடைக்காரர். அவர் உப்புப் போதவில்லை என்பதற்குக்கூட அந்த முன்னுரையைப் போடுவார்.

ஓய்வு பெற்ற பிறகும் கோர்ட் அவளை விடவில்லை. இப்போது அங்கே மிஷின்தான் எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. மிஷினுக்குப் புரியாத இடங்களை வாரத்தில் இரண்டு நாள் இவள் போய், ஹெட்போனைக் கடைசி அளவுக்குத் திருகி வைத்துக்கொண்டு, கேட்டுச் சொல்ல வேண்டும். “மிஷினே என்கிட்டதான் கேக்குது” என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

நர்ஸ் இதற்கு நேர் எதிர். அவள் எதையும் எழுதுவதில்லை. வாய்தான் அவள் தொழில். பிரசவ வார்டில் முப்பத்தைந்து வருஷம். வலியில் கண் இருட்டிக் கிடக்கிற பெண்ணுக்கு அவள் குரல்தான் கைப்பிடி. எப்போது முக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மூச்சை விட வேண்டும், எல்லாம் அந்தக் குரல் சொல்லும். ஓய்வுக்குப் பிறகு அதே வார்டில் புதிதாக வரும் நர்ஸ் பெண்களைப் பழக்குகிற வேலை. ஸ்டெனோவோடு ஊர் சுற்றிவர எழுபத்து நாலு நாள் லீவு கேட்டபோது வார்டுத் தலைமை நர்ஸ், “போயிட்டு வாங்கக்கா, ஆனா வந்துடணும்” என்று அவள் நாற்காலியை அப்படியே வைத்திருக்கிறாள்.

எழுபத்து நாலு நாள் கணக்கு, வண்டி வாடகைக் கணக்கு. படுக்க, சமைக்க, குளிக்க எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி. வாடகைக் கம்பெனி அதை மோட்டார் ஹோம் என்றது. நர்ஸ் கேரவன் என்றாள், அதைச் சொல்லும்போது கறுப்புக் கண்ணாடி போட்ட சினிமா நடிகை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். ஸ்டெனோ ‘ரூம்’ என்று முடித்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையை மடக்கினால் ஒருத்திக்குக் கட்டில். டிரைவர் சீட்டுக்கு மேலே பரண் மாதிரி இன்னொரு கட்டில். வளைவில் திரும்பினால் தட்டு அலமாரி தானாகத் திறந்து, “நாங்களும் வரோம்” என்று ஒரு ஸ்பூனை வெளியே தள்ளும்.

ஸ்டெனோ ஓட்டுவாள். நர்ஸுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது கீழே இறங்கி, பின்னால் நின்று வழி சொல்வது அவள் வேலை. அதை அவளுக்குத் தெரிந்த ஒரே முறையில் சொன்னாள்.

“வா வா வா... அவசரப்படாத... நல்லா வருது, நல்லா வருது... இன்னும் கொஞ்சம் கண்ணு, போகும், போகும்... அவ்ளோதான்... போதும்! மூச்ச விடு!”

பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். என்ன குழந்தை என்று கேட்டுவிடுவார்களோ என்றிருக்கும். ஸ்டெனோ வண்டியை அணைத்துவிட்டு நிஜமாகவே ஒரு மூச்சு விடுவாள்.

அறுபத்து மூன்று நாள் இப்படி நன்றாகத்தான் போனது. அறுபத்து நாலாவது நாள், ஒரு வண்டி நிறுத்துமிடத்தில், குழாய்க் கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவே பின்னுக்கு எடுத்தபோது கம்பம் சாய்ந்தது. வண்டியின் பின் ஏணி வில்லாக வளைந்தது. பின் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல். குழாயிலிருந்து தண்ணீர் நர்ஸின் தலைக்கு மேலே பீய்ச்சி அடித்தது.

“போதும் போதும்னு கத்துறேன், கேக்காம வந்துட்டே இருக்கியே!” என்றாள் நர்ஸ், சொட்டச் சொட்ட.

“போதும்னா சொன்ன? போகும்னு சொன்ன.”

“போகும்னு ஏன் சொல்றேன்? கம்பம் இங்க நிக்குது, நான் போகும்னு சொல்வேனா?”

“சொன்ன. போகும், போகும், போகும். மூணு தடவை.”

ஸ்டெனோ சீட்டில் உட்கார்ந்தபடியே நோட்டை எடுத்து எழுதிவிட்டாள். எழுதியதை, கோர்ட்டில் படிப்பது போலவே, எழுந்து நின்று படித்தாள். “நர்ஸ்: போகும். போகும். போகும். மோதல்.”

நர்ஸ் வாய்க்கு வந்ததைத் திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தாள். நர்ஸ் திட்டவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றது.

“அப்படியா சொன்னேன்?” என்றாள், ரொம்பச் சின்னதாக.

நர்ஸுக்கு ஒரு அக்கா இருந்தாள். அறுபத்திரண்டு வயதில் அந்த அக்கா ஒருநாள் கரண்டியைக் காட்டி, “அந்தச் சாவிய எடு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். பிறகு கதவு ஜன்னலானது, தங்கை அம்மாவானாள், கடைசி ஒரு வருஷம் எதற்கும் எந்தச் சொல்லும் இல்லை. குளிப்பாட்டி, ஊட்டி, நாலு வருஷம் பார்த்துக்கொண்டது நர்ஸ்தான். இப்போது நர்ஸுக்கு வயது அறுபத்தொன்று.

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டாள். பேச்சு குறைந்தது. எதை எடுத்தாலும் எடுக்கும் முன்னால் உதடு அசையும். “இது தட்டு. இது தீப்பெட்டி. இது பால்.” தனக்குத் தானே பரீட்சை. வண்டிக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிற இடமாகத் தேடித் தேடி நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “ஊருக்குப் போனதும் வார்டுக்குப் போன் பண்ணி வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிடப்போறேன்.”

“எதுக்கு?”

“அங்க நான் ஒரு சொல்ல மாத்திச் சொன்னா கம்பம் சாயாது ஸ்டெனோ. ஒருத்தி உயிர் போயிடும்.”

ஸ்டெனோ, “பாத்துக்கலாம்” என்றாள். ஆனால் தான் எழுதியது சரி என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. தோழிக்காக வருத்தப்பட்டாள். ரகசியமாகக் கொஞ்சம் அழவும் செய்தாள். நோட்டில் ‘அழுகை’ என்று குறிக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுபத்திரண்டாவது நாள், வளைந்த ஏணியோடு வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கராஜில் விட்டார்கள். பக்கத்திலேயே துணி வெளுக்கிற கடை. நர்ஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். மெக்கானிக் ஏணியைத் தட்டி நிமிர்த்திவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து வெளியே விட ஏறினார். ஸ்டெனோ பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

“பின்னால ஏதாவது நெருங்கினா உள்ள டிரைவருக்கு அடிக்குமாம்ல, இந்த ரிவர்ஸ் மணியையும் கொஞ்சம் பாத்துடுங்க. முதல் நாள்லேர்ந்தே ஊமை. அது ஒழுங்கா அடிச்சிருந்தா நான் எதுக்கு இடிக்கப்போறேன்?”

மெக்கானிக் கியரைப் போட்டார். போட்டவர் தோளைக் காதுவரைக்கும் தூக்கிக்கொண்டார்.

“எதும்மா ஊமை? காது கிழியுது.”

ஸ்டெனோ டாஷ்போர்டைப் பார்த்தாள். வண்டி மெல்லப் பின்னால் போனது. மெக்கானிக்கின் ஆள்காட்டி விரல் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டது. டொக். டொக். டொக். பின்னால் சுவர் நெருங்க நெருங்க விரல் வேகமானது. டொக்டொக்டொக். அவளுக்கு விரல் விழுகிற சத்தம் கேட்டது. அது எதற்குத் தாளம் போடுகிறதோ, அது கேட்கவில்லை.

“கேக்குதா? நல்லாத்தானே இருக்கு.”

“ஆமா, கேக்குது” என்றாள் ஸ்டெனோ.

முப்பத்திரண்டு வருஷம் பொய்ச்சாட்சி சொன்னவர்களை எழுதியவள், முதல் தடவையாகத் தானே ஒன்று சொன்னாள்.

இறங்கினாள். கராஜின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தாள். பழைய டயர்களை எண்ணினாள். திரும்ப எண்ணினாள். மணி ஊமை இல்லை. அப்படியானால் மருமகள் முழுங்கவில்லை. பாங்க்காரர் மெல்லவில்லை. செய்தி வாசிக்கிற பெண் ஒரு பாவமும் அறியாதவள். நாத்தனாருக்கு இது தெரிந்தால் மூன்று வருஷத் தீர்ப்பு எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மேல்முறையீடு போடுவாள். கோர்ட்டில் அந்த ஹெட்போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, “உங்க சேவைக்கு நன்றிம்மா” என்று ஒரு பூச்செண்டும் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் நர்ஸ்.

நர்ஸ் வெளுத்த துணிகளோடு வந்துகொண்டிருந்தாள். உதடு அசைந்தது. “இது துண்டு. இது தலையணை உறை. இது... இது...” கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெற்றி வியர்த்துவிட்டது. “...காலுறை.”

ஸ்டெனோ அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். “வெயில் ஜாஸ்தி, ஏறு” என்றாள்.

அன்று முழுக்க அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. தங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஓட்டினாள். பிறகு வழி தப்பு என்று திரும்பி வந்தாள். நிறுத்தியதும் முன் கண்ணாடியைத் துடைத்தாள். டீ போட்டாள், குடிக்க மறந்தாள், அது ஆறியதென்று கொட்டிவிட்டு மறுபடி போட்டாள். டயரில் காற்றுப் பார்த்தாள். தட்டு அலமாரியின் கொக்கியைக் கழற்றி மாட்டினாள். மறுபடி முன் கண்ணாடி.

“என்னாச்சு உனக்கு? பூனை மாதிரி சுத்திச் சுத்தி வர,” என்றாள் நர்ஸ். சொல்லிவிட்டு உடனே நின்றாள். “பூனைதானே? பூனைதான் சுத்தும்?”

“பூனைதான்.”

“சரி.”

ஸ்டெனோ நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டினாள். இருபதாவது நாள்: “நர்ஸ்: மலை வரும் போல இருக்கு.” அன்றைக்கு மலையே வரவில்லை. மழைதான் வந்தது. ஜன்னலை மூடாமல் விட்டதில் இரண்டு படுக்கையும் நனைந்தது. “மலைன்னுதானே சொன்ன, நான் எதுக்கு ஜன்னல மூடணும்?” என்று அன்றைக்கும் இவள்தான் ஜெயித்தாள். அடுத்த பக்கம் புரட்டப் பயந்து மூடி வைத்தாள்.

மறுநாள் மத்தியானம், சாலையோரம் நிறுத்தி, மடக்கு மேஜை போட்டு ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிடும்போது, ஒரு வழியாக ஆரம்பித்தாள். முழுவதையும் சொல்லத் தைரியம் இல்லை. ஓரத்தைக் கொஞ்சம் கிள்ளி வைத்தாள்.

“நர்ஸம்மா, அன்னிக்கு நான் எழுதினது தப்பா இருக்கலாம்.”

“எது?”

“அந்தப் போகும். எனக்குச் சரியாக் கேக்காம இருந்திருக்கலாம்.”

நர்ஸ் முட்டை உரிப்பதை நிறுத்திச் சிரித்தாள். “உனக்கா? சமையல்கட்டுல உன் புருஷன் முனகினா மொட்டை மாடிலேர்ந்து பதில் சொல்றவ நீ.”

“அது அப்ப. நிஜமாத்தான் சொல்றேன், என் காதுதான் சரியில்ல.”

நர்ஸின் சிரிப்பு அப்படியே வற்றியது.

“எங்க அக்காகிட்ட நான் இதையேதான் சொன்னேன் தெரியுமா? ‘நீ சரியாத்தான்க்கா சொன்ன, என் காதுலதான் தப்பா விழுந்துச்சு.’ ஒரு வருஷம் சொன்னேன். அவ மனசு நோகக் கூடாதுன்னு. இப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கோ, அப்ப என் மூஞ்சியும் இப்படித்தான் இருந்திருக்கும்.” முட்டையை ஸ்டெனோவின் தட்டில் வைத்தாள். “வேண்டாம் ஸ்டெனோ. நீ எழுதினா எழுதினதுதான். ஆறுதல் சொல்ற வேலை உனக்கு வராது.”

ஸ்டெனோ வாழ்நாள் முழுக்கத் தன் சொல்லை யாரும் மறுக்கக் கூடாது என்று கட்டி எழுப்பிய பெயர், இப்போது அவளே தட்டினாலும் கதவைத் திறக்க மாட்டேன் என்றது. அன்று மத்தியானமும் மூன்று தடவை முன் கண்ணாடி துடைக்கப்பட்டது.

எழுபத்து நாலாவது நாள் விடிந்தது. பகல் பன்னிரண்டுக்குள் வண்டியைக் கம்பெனியில் விட வேண்டும். ஸ்டெனோ ஆறரை மணிக்கே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அடித்தாள்.

“முன்னால வந்து ஏறு.”

“பெட்டி கட்டிட்டிருக்கேன்ல? இன்னும் துணி...”

“ஏறுடீ!”

இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் அந்த ‘டீ’ வந்தது மொத்தம் நாலு தடவை இருக்கும். நர்ஸ் கையில் பாதி மடித்த சட்டையோடு வந்து ஏறினாள். ஸ்டெனோ ரிவர்ஸ் கியரைப் போட்டாள். இத்தனை நாளும் வண்டி பின்னால் போகும்போதெல்லாம் நர்ஸ் கீழே, வெளியே, பின்னால் நின்றவள். உள்ளே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“ஐயோ! என்ன இது!” நர்ஸ் சட்டையால் காதைப் பொத்தினாள். “நிறுத்து, நிறுத்து!”

“எதை?”

“இந்தச் சத்தத்தத்தான்!”

“எந்தச் சத்தம்?”

நர்ஸ் அவளைப் பார்த்தாள். டாஷ்போர்டைப் பார்த்தாள். ஸ்டெனோ பிரேக்கை அழுத்திக்கொண்டு, கியரை எடுக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸின் கை மெதுவாகக் காதிலிருந்து இறங்கியது.

“இது கேக்கலயா உனக்கு?”

“எழுபத்து நாலு நாளா கேக்கல.”

அடுத்த நொடி சட்டை சீட்டுக்குக் கீழே கிடந்தது. நர்ஸ் எழுந்து நின்றாள். பத்து நாளாகக் காணாமல் போயிருந்த வார்டு நர்ஸ் அந்த வண்டிக்குள் வந்து நின்றாள். “கியர எடு. வண்டிய அணை. அந்தப் பக்கம் திரும்பு. நோட்ட எடு.” தன் போனில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு ஸ்டெனோவின் முதுகுக்குப் பின்னால் போனாள். “நான் சொல்றத எழுது. திரும்பிப் பாக்கக் கூடாது.”

பத்துத் தடவை சொன்னாள். ஸ்டெனோ பத்துக் கிறுக்கல் போட்டாள்.

“படி.”

ஸ்டெனோ எழுந்து நின்றாள். உட்கார்ந்து படிக்க அவளுக்குத் தெரியாது. பரணில் தலை இடித்தது.

“போகும். போகும். போதும். போகும். போகும். போகும். போதும். போகும். போகும். போகும்.”

நர்ஸ் போனை மேஜையில் வைத்துத் தட்டிவிட்டாள். அவள் குரல்தான், பிசிறில்லாமல். போதும். போதும். போதும். பத்தும் போதும். ஒரு தடவை கேட்டாள். மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை போட்டபோது கூடவே தானும் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஸ்டெனோ தண்ணீர் எடுத்து நீட்டினாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றாள் நர்ஸ், முகத்தை எடுக்காமல்.

ஸ்டெனோவுக்குக் கேட்கவில்லை. நர்ஸ் முகத்தைத் தூக்கி மறுபடி கேட்டாள்.

“முந்தாநாள். கராஜ்ல.”

“முந்தாநாளா?” தண்ணீர் டம்ளர் உருண்டது. “ரெண்டு நாளா நான் கரண்டிய கரண்டி, கரண்டின்னு ஜபம் பண்ணிட்டுத் திரியறேன். நீ பாத்துட்டு உக்காந்திருந்த!”

“நேத்து சொன்னேனே.”

“சொன்ன லட்சணம்! ‘இருக்கலாம், இருக்கலாம்’னு ஒரு இழுவை. அது சொல்றதா? கண்ணாடி துடைக்கத் தெரிஞ்சுது, வாயத் தெறக்கத் தெரியல?”

“என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான், நர்ஸம்மா. நான் சொன்னா சரியா இருக்கும்ங்கறது. வேற என்ன இருக்கு என்கிட்ட?”

“என்கிட்ட என்ன இருந்துச்சு? அதையும் எடுத்துட்டியே!”

நர்ஸ் கதவை அறைந்துவிட்டு இறங்கினாள். அந்த வண்டி நிறுத்துமிடத்தை இரண்டு சுற்று வேகமாக நடந்தாள். மூன்றாவது சுற்றில் போன் காதில் இருந்தது. வண்டிக்குள் இருந்தே ஸ்டெனோவால் அவள் வாயசைவைப் படிக்க முடிந்தது. இத்தனை வருஷமாகத் தன்னையறியாமல் முகங்களைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஆனால் படிக்கத் தேவையே இருக்கவில்லை. அந்தக் குரலுக்கு நாலு வண்டியின் ஜன்னல் திறந்தது.

“ஆமா, திங்கக்கிழமை வரேன்! புதுசா வந்த பொண்ணுங்கள ஏழு மணிக்கு நிக்க வை. லேட்டா வர்றவளுக்கு என்கிட்ட இடமில்ல!”

திரும்பி வந்து ஏறினாள். முப்பது கிலோமீட்டர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஸ்டெனோவின் போனை எடுத்து, அவள் புருஷனைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்து, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

மருந்துக்கடைக்காரர் அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினார். “எழுதிக்காத, சும்மா சொல்றேன். எனக்கு மூணு வருஷமாத் தெரியும்.”

“அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?” என்று ஸ்டெனோ ஸ்டீயரிங்கைக் குத்தினாள்.

“சொன்னேன். உனக்குக் கேக்கல.”

நர்ஸ் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, “நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன், தெரிஞ்சுக்கோ” என்றாள், ஸ்டெனோவின் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து.

கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். கண்ணாடி கவுன்டருக்குப் பின்னால் ஒரு பெண். பின் கண்ணாடி விரிசலைப் பார்த்துவிட்டு, “எப்படி ஆச்சுன்னு இதுல எழுதணும்” என்று ஒரு படிவத்தைத் தள்ளினாள். அந்தப் பெண் சொன்னதை நர்ஸ் திருப்பிச் சொன்னாள், ஸ்டெனோவின் முகத்துக்கு நேராக. ஸ்டெனோ உட்கார்ந்து எழுதினாள். இந்தத் தடவை சுருக்கெழுத்து இல்லை, எல்லாரும் படிக்கிற முழு எழுத்து. “வழி சொன்னவர் ‘போதும்’ என்று சரியாகச் சொன்னார். ஓட்டியவருக்கு அது கேட்கவில்லை.” தோழி பக்கம் திருப்பிக் காட்டினாள். நர்ஸ் ஒருமுறை படித்தாள், ‘சரியாக’ என்ற இடத்தில் விரலை வைத்தாள், தலையாட்டினாள்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம். ஓட்டுநருக்குச் செவிக்குறைபாடு உண்டா, ஆம், இல்லை. ஸ்டெனோ ‘ஆம்’ என்பதில் பேனாவை வைத்துவிட்டாள். கவுன்டர் பெண் பதறி எழுந்தாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த துளை வழியாகக் குனிந்து, நல்ல மனசோடு, ரகசியமாகச் சொன்னாள். ஸ்டெனோ நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள்: “ஆம்னு போட்டா அடுத்த தடவை உன் பேர்ல வண்டி தர யோசிப்பாங்களாம். இல்லன்னே போட்டுடுங்கம்மா, யாரு பாக்கப்போறாங்கன்னு சொல்லுது இந்தப் பொண்ணு.”

ஸ்டெனோ பேனாவை மூடிக் கைப்பையில் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கும், வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும், நர்ஸுக்கும் சேர்த்துச் சொன்னாள்:

“ஆம்னே போட்டாச்சு, அடிச்சுத் திருத்த மாட்டேன். அடுத்த தடவை வண்டிய இவ பேர்ல எழுதிக்கோம்மா, இவ ஓட்டக் கத்துக்கட்டும், பின்னால நின்னு கத்துறதுக்கு நான் இருக்கேன். எனக்குப் போனது காதுதானே, வாய் அப்படியேதான் இருக்கு.”